தகடூர்த் திருச்சபை வரலாறு – 19: சாவியைக் கொடுத்தவரின் பதின்மூன்று நாட்கள்

சென்ற இதழில், தருமபுரி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் ஜோசப் அந்தோணி இருதயராஜ் பணியிலிருந்து விலகியதோடு நிறுத்தியிருந்தோம். சேலத்திலிருந்து தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்த 1997 ஜனவரி 24 அன்றே நியமிக்கப்பட்டவர் அந்தச் சலேசிய சபைத் துறவி. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து ஆயராக இருந்தார். (2004இல் அரசு மாவட்டம் இரண்டானது, மறைமாவட்டம் இன்றும் ஒன்றாகவே இருக்கிறது.) 2012 ஜனவரி 13 அன்று அவருடைய விலகல் ஏற்கப்பட்டது. சென்னை – மயிலை உயர்மறைமாவட்டத்தின் துணை ஆயர் லாரன்ஸ் பயஸ் அடுத்த ஆயராக அறிவிக்கப்பட்டார்.

விலகலை ஏற்றவரும் புதியவரை நியமித்தவரும் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட். அதற்குப் பின் பதின்மூன்று மாதம் நிறைவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, தானும் விலகுவதாக அவரே அறிவித்தார். ஆகவே இந்த அத்தியாயம் தருமபுரியில் தொடங்கினாலும் உரோமைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

முதலில் ஒரு ஆயர் எப்படி ஓய்வுபெறுகிறார் என்பதைப் பார்த்துவிடுவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு ஆயர்கள் பெரும்பாலும் சாகும்வரை ஆயர்களாகவே இருந்தார்கள். 1966இல் திருத்தந்தை 6ஆம் பவுல், 75 வயது நிறைந்ததும் விலகல் கடிதம் தரும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அது 401ஆம் விதியாக இடம்பெற்றது. கடிதம் எழுதுவதோடு ஆயரின் பங்கு முடிந்தது. திருத்தந்தை அதை ஏற்கும்வரை அவர்தான் ஆயர். ஏற்ற பிறகு என்ன என்பதை 402ஆம் விதி சொல்கிறது: ஓய்வுபெற்ற ஆயர் என்ற பெயர் அவருக்கு உண்டு, விரும்பினால் தன் மறைமாவட்டத்திலேயே தங்கலாம், அவர் கண்ணியமாக வாழ வழிசெய்யும் முதல் கடமை அந்த மறைமாவட்டத்துக்கு. இதில் குழப்பத்துக்கு இடமில்லை. குருக்களை எந்தப் பங்குக்கு அனுப்புவது, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பதில் அவருக்குக் கையெழுத்து கிடையாது. அவ்வளவுதான்.

சாதாரண விசுவாசிக்கு இந்த மாற்றம் எங்கே தெரியும்? பீடத்தில் தெரியும். ஒவ்வொரு திருப்பலியிலும் நற்கருணை மன்றாட்டின் நடுவே குருவானவர் இரண்டு பெயர்களைச் சொல்வார். ஒன்று திருத்தந்தையின் பெயர், மற்றது அந்த மறைமாவட்ட ஆயரின் பெயர். தேன்கனிக்கோட்டை மலைக் கிராமத்துச் சிற்றாலயமானாலும் தருமபுரி நகரின் திரு இருதயப் பேராலயமானாலும் இதில் வேறுபாடு இல்லை. பெயரை வைத்தே யார் பொறுப்பில் இருக்கிறார் என்று மக்கள் அறிந்துகொள்வார்கள். 2012இல் தருமபுரியின் பீடங்களில் ஆயரின் பெயர் மாறியது. 2013இல் மற்றப் பெயரும் மாறியது. பதினைந்து மாத இடைவெளிக்குள் இரண்டு பெயர்களும் மாறின. இரண்டுமே, பழைய பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கும்போதே மாறின என்பதுதான் அபூர்வம்.

ஆயர் கடிதம் எழுதி உரோமைக்கு அனுப்புகிறார். உரோமையின் ஆயர் யாருக்கு அனுப்புவார்? 332ஆம் விதியின் இரண்டாம் பகுதி இதற்குப் பதில் சொல்கிறது. திருத்தந்தை விலகுவதாக இருந்தால் அது அவருடைய சுதந்திர விருப்பமாக இருக்க வேண்டும், முறையாக வெளிப்படுத்தப்பட வேண்டும். அதை எவரும் ஏற்கத் தேவையில்லை. ஏற்பதற்கு மேலே எவரும் இல்லை என்பதே காரணம். விலகும் வழியை இந்த விதி தெளிவாக வகுத்துவிட்டது. விலகியவர் மறுநாள் யார், எங்கே இருப்பார், என்ன உடுத்துவார், என்ன பேசலாம் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. தருமபுரியின் ஓய்வுபெற்ற ஆயருக்கு இருந்த 402ஆம் விதி போன்ற ஒன்று உரோமையின் ஓய்வுபெற்ற ஆயருக்கு இல்லை. வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் புறப்பட்டன.

2013 பிப்ரவரி 11, திங்கட்கிழமை, லூர்து அன்னையின் திருநாள். ஒத்ராந்தோ மறைசாட்சிகள் உள்ளிட்டோருக்குப் புனிதர் பட்டம் வழங்கும் தேதியை முடிவுசெய்ய வத்திக்கானில் இருந்த கர்தினால்கள் கூடியிருந்தார்கள். வழக்கமான சடங்குக் கூட்டம். அது முடியும் நேரத்தில் பெனடிக்ட் ஒரு தாளை எடுத்து இலத்தீனில் வாசிக்கத் தொடங்கினார். வயது கூடியதால் இந்தப் பணிக்குத் தேவையான பலம் தன்னிடம் இல்லை, பிப்ரவரி 28 இரவு எட்டு மணியோடு பேதுருவின் இருக்கை காலியாகும் என்பது அதன் பொருள். இலத்தீன் தெரிந்த இத்தாலியச் செய்தியாளர் ஜொவான்னா கிர்ரி கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டதால்தான் செய்தி முதலில் வெளியே வந்தது. இந்திய நேரம் மாலை நான்கு மணி கடந்திருந்தது. இரண்டு நாளில் திருநீற்றுப் புதன். தவக்காலத்தின் வாசலில் இந்தச் செய்தி வந்து சேர்ந்தது.

கர்தினால்கள் திகைத்ததில் வியப்பில்லை. அதற்கு முன் ஒரு திருத்தந்தை விலகியது 1415இல். அதையும் அதற்கு முந்தைய 1294ஆம் ஆண்டு நிகழ்வையும் தெரிந்துகொள்ளாமல் பெனடிக்ட் செய்ததன் எடை விளங்காது.

1292இல் 4ஆம் நிக்கோலாஸ் இறந்தபின் இரண்டேகால் ஆண்டுகள் கர்தினால்களால் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. கடைசியில் இத்தாலிய மலையில் தவ வாழ்வு வாழ்ந்த முதியவர் மொரோனேயின் பேதுருவைத் திடீரென்று தேர்ந்தெடுத்தார்கள். அவர் 5ஆம் செலஸ்தீன் ஆனார். நேப்பிள்ஸ் அரசன் 2ஆம் சார்லஸின் கோட்டைக்குள், அவன் கைக்கடக்கமாக இருக்க நேர்ந்தது. ஆட்சி அவருக்கு வரவில்லை. ஐந்து மாதத்தில் அது அவருக்கே தெரிந்துவிட்டது. திருத்தந்தை விலகலாம் என்று ஒரு ஆணையை வெளியிட்டுவிட்டு, 1294 டிசம்பர் 13 அன்று விலகினார். பதினோரு நாளில் 8ஆம் போனிஃபாஸ் தேர்வானார். இனி மலைக்குத் திரும்பலாம் என்றுதான் செலஸ்தீன் நம்பினார். புதியவர் அதற்கு விடவில்லை. முன்னவரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேறொரு கூட்டம் தனக்கு எதிராகக் கிளம்பும் என்று அவர் அஞ்சினார். தப்பியோடிய முதியவர் அத்ரியாத்திக் கடற்கரையில் பிடிபட்டார். ஃபுமோனே கோட்டையில் அடைக்கப்பட்டு 1296 மே 19 அன்று அங்கேயே இறந்தார். 1313இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

போனிஃபாஸின் அச்சத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது வெறும் கற்பனையும் அல்ல. பதவியைத் துறந்தவர் ஒன்றுமே செய்யாமல் இருந்தால்கூட, அவர் பெயரைச் சொல்லிப் பிறர் செய்வார்கள். செலஸ்தீனின் துயரம் முழுதும் இதில்தான் இருக்கிறது. அவர் எதையும் திரும்பக் கேட்கவில்லை. ஆனாலும் சிறையில் செத்தார்.

1415இன் கதை வேறு. அப்போது உரோமையிலும் அவிஞ்ஞோன் வழியிலும் பீசா வழியிலுமாக மூன்று பேர் தாங்களே திருத்தந்தை என்று உரிமை கொண்டாடினார்கள். பிளவை முடிக்கக் கோன்ஸ்தான்ஸ் சங்கம் கூடியது. உரோமை வழியைச் சேர்ந்த 12ஆம் கிரகோரி 1415 ஜூலை 4 அன்று விலகினார். அவரைச் சிறையில் தள்ளாமல் கர்தினாலாக மதித்துப் பொறுப்பும் தந்தார்கள். 1417 அக்டோபர் 18 அன்று அவர் இறந்தார். அடுத்த திருத்தந்தை 5ஆம் மார்ட்டின் தேர்வானது நவம்பர் 11 அன்று. முன்னவரும் பின்னவரும் ஒரே காலத்தில் வாழும் நிலையே அப்போது ஏற்படவில்லை.

ஆக, தனக்குப் பின் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவதைச் சுதந்திர மனிதராக இருந்து பார்க்கும் முதல் திருத்தந்தை பெனடிக்ட்தான் என்றே சொல்லலாம். செலஸ்தீனை அவர் மறந்திருக்கவும் இல்லை. 2009 ஏப்ரலில் நிலநடுக்கம் லாக்குயிலா நகரைச் சிதைத்தது. அந்த மாத இறுதியில் அங்கே சென்ற பெனடிக்ட், செலஸ்தீனின் உடல் வைக்கப்பட்டிருந்த பேழையின் மேல் தன் தோளிலிருந்த பால்லியம் என்னும் தோளாடையை எடுத்து வைத்துவிட்டு வந்தார். நான்கு ஆண்டு கழித்துத்தான் பலரும் அதைத் திரும்ப நினைத்துப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 28 காலை, கிளமெந்தின் மண்டபத்தில் கர்தினால்களிடம் விடைபெற்றார். பல செய்தித்தாள்கள் மாலையில் புறப்பட்ட ஹெலிகாப்டரைத்தான் பெரிதாகப் போட்டன. என்னைப் பொறுத்தவரை அந்த நாளின் முக்கிய நிகழ்வு காலையில் நடந்துவிட்டது. உங்களுக்குள்தான் அடுத்த திருத்தந்தை இருக்கிறார், அவருக்கு நிபந்தனையற்ற மரியாதையையும் கீழ்ப்படிதலையும் இன்றே வாக்களிக்கிறேன் என்ற பொருளில் பெனடிக்ட் அங்கே பேசினார். எவர் என்று தெரியாத ஒருவருக்கு, எட்டு ஆண்டுகள் எல்லாருக்கும் மேலே அமர்ந்திருந்த ஒருவர் கொடுத்த வாக்கு அது. ஓய்வுபெறும் எந்த ஆயரும் இப்படிச் சொல்லத் தேவையில்லை. அவருக்கு மேலே திருத்தந்தை இருக்கிறார். பெனடிக்ட் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் விட்டுவைத்திருந்த இடத்தில் அவர் ஒரு வாக்குறுதியை வைத்தார்.

மாலையில் வத்திக்கானிலிருந்து கிளம்பி காஸ்தல் கந்தோல்ஃபோ போனார். அது உரோமைக்குத் தென்கிழக்கே ஏரிக்கரையில் உள்ள கோடை இல்லம். தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் தூரம்தான் இருக்கும். தேர்தல் நடக்கும் ஊரில் அவர் இருக்கவில்லை. அங்கே கூடியிருந்த மக்களிடம், இனி நான் பயணத்தின் கடைசிக் கட்டத்தைத் தொடங்கும் ஒரு திருப்பயணி மட்டுமே என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார். இரவு எட்டு மணிக்குச் சுவிஸ் காவலர்கள் வாயிலை மூடிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்கள் காப்பது திருத்தந்தையை. அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர் திருத்தந்தை இல்லை.

உரோமையில் எட்டு மணி என்றால் இந்தியாவில் நள்ளிரவு பன்னிரண்டரை. மார்ச் 1 பிறந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை, அதுவும் மாதத்தின் முதல் வெள்ளி, இயேசுவின் திரு இருதயத்துக்குரிய நாள். திரு இருதயத்தின் பெயரைத் தாங்கிய பேராலயத்தைத் தலைமையாகக் கொண்ட தருமபுரி மறைமாவட்டத்துக்கு அது எவ்வளவு நெருக்கமான நாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தவக்காலம் என்பதால் சிலுவைப் பாதையும் உண்டு. அன்றைய திருப்பலியிலிருந்து நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆயரின் பெயர் மட்டும்தான். ஓய்வுபெற்றவர் உயிரோடு இருக்கிறாரே என்று அவர் பெயரைச் சேர்ப்பதற்கும் இடமில்லை. எல்லா மறைமாவட்டங்களிலும் பதின்மூன்று நாட்கள் அந்த இடம் காலியாக இருந்தது.

இந்தப் பதின்மூன்று நாட்களில் ஓய்வுபெற்ற திருத்தந்தையின் பங்கு என்ன? இல்லாமல் இருப்பதுதான் அவர் பங்கு. இது சும்மா இருப்பது போலத் தெரியும். அதன் கடினத்தை ஒரு எண்ணிக்கை உணர்த்தும். திருத்தந்தைத் தேர்தலான கான்கிளேவில் வாக்களித்த 115 கர்தினால்களில் 67 பேர் பெனடிக்ட்டின் கையால் சிவப்புத் தொப்பி பெற்றவர்கள். மற்ற 48 பேர் 2ஆம் யோவான் பவுல் நியமித்தவர்கள். இந்தியாவிலிருந்து வாக்களித்த ஐவரில் மும்பையின் ஆஸ்வால்ட் கிரேசியஸ், எர்ணாகுளத்தின் ஜார்ஜ் ஆலஞ்சேரி, திருவனந்தபுரத்தின் பசேலியோஸ் கிளீமிஸ் ஆகிய மூவரும் பெனடிக்ட் நியமித்தவர்களே. கிளீமிஸுக்கு அப்போது 53 வயது. கான்கிளேவிலேயே இளையவர் அவர். கர்தினாலாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. இலங்கையின் மால்கம் ரஞ்சித்தும் பெனடிக்ட் நியமித்தவர்தான். காஸ்தல் கந்தோல்ஃபோவிலிருந்து ஒரு பெயர் கசிந்திருந்தால், ஒரு பெருமூச்சு வெளியே கேட்டிருந்தால், அது 67 பேரின் மனச்சான்றில் விழுந்திருக்கும். கசியவில்லை. கர்தினால்களின் ஆயத்தக் கூட்டங்களுக்கு அவர் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. அவருடைய மீனவர் மோதிரத்தின் முத்திரை முகத்தில் குறுக்கே கீறி, இனி அது எந்தத் தாளிலும் பதியாதபடி செய்திருந்தார்கள். வழக்கமாக இறந்த திருத்தந்தையின் மோதிரத்துக்குச் செய்வது அது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரையும் நினைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கல்லேரியில் பிறந்து 1985இல் கர்தினாலான சைமன் லூர்துசாமிக்கு அப்போது 89 வயது. 80 கடந்த கர்தினால்கள் வாக்களிக்கக் கூடாது என்று 6ஆம் பவுல் 1970இல் வகுத்த விதிப்படி அவருக்கு வாக்கில்லை. வயதானவர்கள் விலகி நிற்க வேண்டும் என்ற எண்ணம் ஆயர்களுக்கு வந்தது, வாக்களிக்கும் கர்தினால்களுக்கு வந்தது. திருத்தந்தைக்கு மட்டும் சட்டமாக வரவில்லை. அதைத் தன் சொந்த முடிவாக எடுத்தபோது பெனடிக்ட்டுக்கு 85.

மார்ச் 12இல் கான்கிளேவ் தொடங்கியது. மறுநாள் ஐந்தாம் சுற்று வாக்கெடுப்பில் புவனோஸ் ஐரெஸ் பேராயர் ஹோர்கே பெர்கோலியோ தேர்வாகி, பிரான்சிஸ் என்ற பெயரை ஏற்றார். வெண்புகை எழுந்தபோது இங்கே இரவு பதினொன்றரை தாண்டியிருந்தது. மேல்மாடத்துக்கு வருமுன் புதியவர் காஸ்தல் கந்தோல்ஃபோவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அங்கே வீட்டார் எல்லாரும் தொலைக்காட்சியின் முன் இருந்ததால் மணி அடித்தது கேட்கவில்லை. பிறகு மேல்மாடத்தில் நின்று பிரான்சிஸ் மக்களிடம் முதலில் கேட்டது, நம் ஓய்வுபெற்ற ஆயர் பெனடிக்ட்டுக்காகச் செபிப்போம் என்பதே. ஓய்வுபெற்ற ஆயர் என்றுதான் சொன்னார். தருமபுரியில் இருதயராஜ் ஆயர் நின்ற அதே வரிசையில், அதே மரியாதையில் பெனடிக்ட்டை அவர் நிறுத்தினார். அந்த ஒரு விநாடியில் சட்டம் சொல்லாததைப் பிரான்சிஸ் சொல்லிவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

மார்ச் 23 அன்று இருவரும் நேரில் சந்தித்தார்கள். சிற்றாலயத்தில் தனக்கெனப் போட்டிருந்த தனி இடத்துக்குப் பிரான்சிஸ் போகவில்லை. இருவரும் ஒரே பெஞ்சில் அருகருகே முழந்தாளிட்டார்கள். பிறகு அறையில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். மேசையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. திருச்சபை நிர்வாகம் பற்றிய கோப்புகள் அதில். வீட்டுப் பெட்டிச் சாவியை மருமகளிடம் கொடுக்கும் மாமியார், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒருமுறை உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாரே, அப்படி ஒரு அமர்வு. அதற்கு மேல் பெனடிக்ட் பொறுப்பில் தலையிட்டதாக எந்தச் செய்தியும் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் வெளிவந்த ‘லூமென் ஃபிதேயி’ சுற்றுமடலின் பெரும்பகுதி அவர் எழுதி முடிக்காமல் விட்டிருந்த வரைவு. பிரான்சிஸ் அதை வாங்கி, தன் பகுதியைச் சேர்த்து, தன் பெயரில் வெளியிட்டார். முன்னவரின் வரைவு என்பதை அந்த மடலிலேயே மறைக்காமல் சொன்னார். கையளிப்பு இதைவிட நேர்மையாக நடக்க முடியாது.

தமிழ்நாட்டைத் தொட்ட கையளிப்பு ஒன்றும் உண்டு. தேவசகாயம் பிள்ளையின் மறைசாட்சி மரணத்தை அங்கீகரிக்கும் ஆணைக்கு 2012 ஜூனில் ஒப்புதல் தந்தவர் பெனடிக்ட். அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் தேவசகாயத்துக்கு அருளாளர் பட்டம் தரப்பட்டது. 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் தந்தவர் பிரான்சிஸ். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் பேதுரு சதுக்கத்தில் நின்றிருந்த அந்தக் காலையில், முதல் படியை ஏற்றிவைத்தவர் அதே வத்திக்கான் மதிலுக்குள் மாத்தர் எக்லேசியே மடத்தில் இருந்தார். அவருக்கு அப்போது 95 வயது.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். 2013 மே 2 அன்று பெனடிக்ட் வத்திக்கானுக்குத் திரும்பினார். வெள்ளை அங்கி, பெனடிக்ட் என்ற அதே பெயர், ‘ஓய்வுபெற்ற திருத்தந்தை’ என்ற பட்டம். இவை எல்லாம் பிப்ரவரி 26 அன்று ஒரு செய்தியாளர் சந்திப்பில் அறிவிக்கப்பட்டவை. திருச்சபைச் சட்ட அறிஞர் ஜான்ஃப்ராங்கோ கிர்லாந்தா அப்போதே, உரோமையின் ஓய்வுபெற்ற ஆயர் என்பதே சரி, இல்லையென்றால் இரண்டு திருத்தந்தையர் இருப்பதாக மக்கள் மயங்குவார்கள் என்று எழுதினார். மயங்கத்தான் செய்தார்கள். பிரான்சிஸின் போக்குப் பிடிக்காதவர்கள் மடத்தின் பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். 2016இல் பெனடிக்ட்டின் செயலர் கேயோர்க் கென்ஸ்வைன், பேதுருவின் பணி விரிவடைந்து செயலாற்றும் ஒருவரையும் தியானிக்கும் ஒருவரையும் கொண்டிருப்பதாகப் பேசியது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. 2020 ஜனவரியில் இன்னும் மோசமானது. அமேசான் பகுதிக்கான ஆயர் மன்றம் முடிந்து, திருமணமானவர்களைக் குருவாக்கலாமா என்ற கேள்விக்குப் பிரான்சிஸின் பதிலுக்கு எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் குருக்களின் மணத்துறவைக் காக்கும் ஒரு நூல், கர்தினால் ராபர்ட் சராவின் பெயரோடு பெனடிக்ட்டின் பெயரும் சேர்ந்து வந்தது. சில நாளில் இணை ஆசிரியர் என்ற இடத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார் பெனடிக்ட். அவர் சதி செய்தார் என்று நான் நம்பவில்லை. 92 வயதில், எழுதுவதை வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் எழுதினார். அதை என்ன நேரத்தில் யார் எதற்காக எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கையில் இல்லாமல் போனது. 1294இல் போனிஃபாஸ் அஞ்சியது இதைத்தான்.

பிழை எங்கே? பெனடிக்ட்டின் கடைசி வாரத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. பிப்ரவரி 22 அன்று அவர் ஒரு சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். இருக்கை காலியான பின் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, கர்தினால்கள் எல்லாரும் வந்துவிட்டால் முன்பே கான்கிளேவைத் தொடங்கலாம் என்றது அது. அதன்படிதான் மார்ச் 12 சாத்தியமானது. தேர்தல் தேதிக்காகச் சட்டம் எழுதிய அதே கை, விலகிய திருத்தந்தையின் நிலை பற்றி இரண்டு விதிகள் எழுதியிருக்க முடியும். ஆயர்களுக்கான 402ஆம் விதி பக்கத்திலேயே மாதிரியாக இருந்தது. அதை எழுதும் அதிகாரம் உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் அன்று இருந்தது. எழுதாமல், நான்கு நாள் கழித்துச் செய்தித் தொடர்பாளர் வாயிலாக அங்கியையும் பட்டத்தையும் அறிவிக்க விட்டார். கீழ்ப்படிதல் வாக்குறுதி அவரைக் கட்டியது; அவரைச் சுற்றியிருந்தவர்களைக் கட்டவில்லை. சட்டம் இருந்திருந்தால் கட்டியிருக்கும். அவருடைய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்; அதனாலேயே இந்தக் குறையைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

2022 டிசம்பர் 31 காலை பெனடிக்ட் இறந்தார். 2023 ஜனவரி 5 அன்று பிரான்சிஸ் தலைமையில் அடக்கச் சடங்கு நடந்தது. இருக்கை காலியாகவில்லை, கான்கிளேவ் இல்லை. தருமபுரியின் பீடங்களில் அன்று நற்கருணை மன்றாட்டின் பெயர்கள் எதுவும் மாறவில்லை. பிரான்சிஸ் தான் விலகினால் வத்திக்கானில் இருக்க மாட்டேன், உரோமையின் ஓய்வுபெற்ற ஆயராகவே இருப்பேன் என்று 2022 பேட்டியில் சொல்லியிருந்தார். நோயால் செயலிழந்தால் பயன்படுத்தும்படி ஒரு விலகல் கடிதத்தை 2013லேயே எழுதிக் கர்தினால் பெர்த்தோனேயிடம் கொடுத்ததையும் 2022 இறுதியில் வெளியிட்டார். ஆனால் அவரும் சட்டம் எழுதவில்லை. பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தின் ஜெரால்தினா போனி தலைமையில் சட்ட அறிஞர்கள் 2021இல் தயாரித்த வரைவு வரைவாகவே நின்றது. 2025 ஏப்ரல் 21 அன்று பிரான்சிஸ் பதவியிலேயே இறந்தார். மே 8 அன்று 133 கர்தினால்கள் 14ஆம் லியோவைத் தேர்ந்தெடுத்தபோது, விலகி நிற்க வேண்டிய முன்னவர் எவரும் இல்லை.

லியோ 1955 செப்டம்பர் 14 அன்று பிறந்தவர். ஒரு மறைமாவட்ட ஆயராக மட்டும் இருந்திருந்தால் 2030 செப்டம்பரில் அவர் கடிதம் எழுத வேண்டியிருக்கும். விலகிய திருத்தந்தைக்கான விதியை எழுத இப்போது அவருக்கு அதிகாரம் உண்டு. விலகக்கூட முடியாமல் நினைவிழந்து படுத்துவிடும் திருத்தந்தைக்கும் இதே போல விரிவான விதி கிடையாது. அதே நிலை ஒரு மறைமாவட்ட ஆயருக்கு நேர்ந்தால் நிர்வாகம் எப்படிக் கைமாறுகிறது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.